கண்டெய்னருக்கு ஆயுத பூஜை போட்டேன்

போன வாரம் ஆயுத பூஜை. உங்கள் வீட்டில் எதற்கெல்லாம் பொட்டு வைத்தீர்கள்? பைக், மிக்ஸி, தையல் மெஷின், அரிவாள்மனை…

நான் ஒரு டேட்டாபேஸுக்கு வைத்தேன். வைப்பதற்குச் சற்று முன்னால்தான் அதை நல்லடக்கம் செய்திருந்தேன். அது எனக்குத் தெரியாது.

இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்கு என் அழகு தெரியும். வாரா வாரம் ஏதாவது ஒன்றில் போய் மூக்கை உடைத்துக்கொண்டு வருவேன், நீங்கள் சிரிப்பீர்கள். இந்த வாரமும் உடைத்தேன். ஆனால் உடைந்தது என் மூக்கு இல்லை. அதனால், சிரிப்பு வந்தால் கொஞ்சம் பார்த்துச் சிரியுங்கள்.

முதலில் எங்கள் ஆபீஸைச் சொல்லிவிடுகிறேன். தேனி பஜாரில் ஓர் இரும்புக்கடை மாடி. ஆபீஸ் என்றால் இரண்டு மேஜை, இரண்டு பேர். நானும் ஜெசிந்தாவும். அவள் கூடலூர்ப் பக்கம், மாதா கோயிலைச் சுற்றியே தெருக்கள் அமைந்த ஊரில் பிறந்தவள். என்னை 'அண்ணே' என்பாள். என் வேலை, எதிரில் வருகிறவரிடமெல்லாம் 'உங்களுக்கு ஒரு ஆப் செஞ்சு தர்றோம்' என்று வாய் கொடுப்பது. அவள் வேலை, நான் வாய் கொடுத்ததையெல்லாம் உட்கார்ந்து செய்து முடிப்பது.

அப்படி வாய் கொடுத்ததில் ஒன்று, திராட்சைத் தோட்டக்காரர்களுக்கான ஆப். எந்தக் கொடிக்கு எந்த மருந்தை என்றைக்கு அடித்தார்கள் என்பதைப் போனிலேயே பதிந்து வைக்கலாம். கடைசி மருந்துக்கும் அறுப்புக்கும் நடுவே போதுமான நாள் போயிருந்தால், தோட்டத்தின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சை டிக் விழும். குமுளி தாண்டிப் பழம் கொண்டுபோகிற வியாபாரிகளில் சிலர் இப்போது இந்த விவரம் இல்லாமல் லோடு ஏற்றுவதில்லை.

இதை முதலில் நம்பியதும், இதுவரை சேர்ந்த ஒரே ஆளும் ஜெசிந்தாவின் அம்மா, சவரியம்மா. பன்னீர் திராட்சைத் தோட்டம் அவருடையது. அவருக்கு முன்பு ஒரு பழக்கம் இருந்தது. மருந்தடித்த அன்றைக்கே, மோட்டார் ரூமில் தொங்குகிற காலண்டரில் தேதியைச் சுழித்து, மருந்தின் பெயரை எழுதிவிடுவார்.

நான்தான் போய்ச் சொன்னேன். "காலண்டர்ல எதுக்கும்மா கிறுக்குறீக? மழையில நனைஞ்சா போச்சு. கம்ப்யூட்டர்ல போட்டா நூறு வருசத்துக்கு நிக்கும்."

நூறு வருசம்! நாக்குக்கு எலும்பு இல்லாதது எவ்வளவு வசதி பாருங்கள்.

பக்கத்துத் தோட்டத்துச் சின்னச்சாமி வரப்பில் நின்று சிரித்தார். "என்னா தங்கச்சி, மருந்தடிச்சா செல்போன்ட சொல்லிட்டுத்தான் வீட்டுக்குப் போகணுமாக்கும்? அது வந்து களை எடுக்குமான்னு கேட்டுச் சொல்லு."

சவரியம்மா அசரவில்லை. காலண்டரைக் கழற்றி வைத்துவிட்டார். அந்தப் போகம் முழுக்க, மருந்து டப்பாவைக் கீழே வைத்ததும் கையைக் கழுவி, முந்தானையில் துடைத்து, போனை எடுத்துப் பதிந்துவிடுவார். பச்சை டிக் விழுந்த அன்று மகளைக் கூப்பிட்டுச் சொன்னாராம் – "ஏ புள்ள, பாஸாயிட்டேன்."

இனி கண்டெய்னர். இந்தச் சொல்லைக் கேட்டதும் துறைமுகத்து இரும்புப் பெட்டி நினைவுக்கு வருகிறதா? எனக்கும் அதுதான் வந்தது. ஜெசிந்தா சொல்லிக்கொடுத்து ஓரளவு புரிந்ததை என் பாஷையில் சொல்கிறேன்… கல்யாணப் பந்தல்!

கம்பு, தகரம், டியூப்லைட், சேர், அண்டா குண்டா… எல்லாம் ஒரே லாரியில் வந்து இறங்குகிறதல்லவா? எந்தத் தெருவில் இறக்கினாலும் அதே பந்தல் எழும்பும். பிரித்து எடுத்துப் போனால் தெருவில் தடம்கூட இருக்காது. ஜெசிந்தா எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் அப்படிப் பல பந்தல்கள் போட்டிருந்தாள். ஒன்றில் டேட்டாபேஸ், அதாவது போனில் பதிவதெல்லாம் வந்து சேரும் இடம். ஒன்றில் ஆப். ஒன்றில் டேட்டாபேஸை உள்ளே எட்டிப் பார்க்க ஒரு ஜன்னல். இன்னொன்றில் சோதனைக்காக அனுப்பும் மெயில்களை வெளியே போகவிடாமல் பிடித்து வைக்கிற ஒரு டப்பா. முன்பெல்லாம் இவற்றை ஒவ்வொன்றாக இன்ஸ்டால் செய்து, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல், மாமியார் மருமகள் பஞ்சாயத்து மாதிரி நாள் முழுக்க ஓடும். இப்போது ஒரே கமாண்ட். வரிசையாக எழுந்து நிற்கும்.

ஒரே ஒரு விஷயம். பந்தலைப் பிரிக்கலாம், மறுபடி போடலாம். பொண்ணு மாப்பிள்ளையை அப்படிச் செய்ய முடியாது. டேட்டா என்பது பொண்ணு மாப்பிள்ளை. அதற்குப் பந்தலுக்கு வெளியே ஒரு வீடு பார்த்து, வாசலில் பெயர் எழுதிவிட வேண்டும். அந்த வீட்டுக்கு வால்யூம் என்று பெயர். எங்கள் டேட்டாவுக்கும் வீடு இருந்தது. வாசலில்தான் பெயர் எழுதவில்லை. பெயர் இல்லாவிட்டால், பந்தல்காரர் அதையும் தன்னுடைய சாமான் என்று லாரியில் ஏற்றிவிடக்கூடும்.

ஜெசிந்தாவுக்கு இது தெரியாதா? தெரியும். "அண்ணே, டேட்டாபேஸுக்கு ஒரு பேரு வச்சு, தனியா பேக்கப்பும் போட்டுரணும். ஒரு ரெண்டு நாளைக்குப் புது வேலை எதுவும் தலையில கட்டாதீக" என்று கேட்டாள்.

"இன்னும் சோதனை ஓட்டம்தானம்மா… அப்புறம் பாத்துக்குவோம்" என்றேன். அந்த வாரம் வேறு இரண்டு பேரிடம் வாய் கொடுத்திருந்தேன்.

எங்களுக்கு அது சோதனை. சவரியம்மாவுக்கு அது தோட்டம்.

எங்கள் ஆபீஸில் ஆயுத பூஜை வருடா வருடம் உண்டு. ஜெசிந்தா சிலுவை போட்டுக்கொள்கிற பெண்தான். ஆனால் பொரியும் சுண்டலும் பொட்டலம் போடுவதில் அவள்தான் முதல் ஆள். ஒரே ஒரு நிபந்தனை வைப்பாள். "எல்லாத்துக்கும் பொட்டு வைங்கண்ணே. இந்த மிஷினை மட்டும் நிப்பாட்டாதீக. அது பாட்டுக்கு ஓடட்டும்."

கீழே இரும்புக்கடை அண்ணாச்சிக்கு இது பொறுக்காது. பூஜை அன்று அவர் கடையில் தராசு தூங்கும், கட்டிங் மெஷின் தூங்கும், அண்ணாச்சியும் தூங்குவார். இந்த முறை படியேறி வந்து எட்டிப் பார்த்தார்.

"ஏந்தம்பி… அது பாட்டுக்கு லைட்டு எரிஞ்சுக்கிட்டு ஓடுது, நீங்க பாட்டுக்குப் பத்தியைக் கொளுத்துறீக. ஓடுற லாரிக்கு யாராச்சும் மாலை போடுவாகளா? ஆயுதம்னா ஒருநாள் படுக்க வைக்கணும். அப்பத்தானே வெளங்கும்?"

நியாயம்தானே? ஓடுகிற லாரிக்கு யார் மாலை போடுகிறார்கள்?

ஜெசிந்தா ஊரில் இல்லை. அறுப்புக்கு ஒத்தாசையாக அம்மா தோட்டத்துக்குப் போயிருந்தாள். அன்றைக்கு ஆபீஸுக்கு நான்தான் ராஜா. முறைப்படி எல்லாக் கண்டெய்னர்களையும் நிறுத்தினேன். டேட்டாபேஸ், ஆப், ஜன்னல், டப்பா… வரிசையாகப் படுக்க வைத்தேன். மனதுக்கு எவ்வளவு நிறைவு தெரியுமா!

பூஜை என்றால் சுத்தம் இல்லாமலா? ஒட்டடை அடித்தேன். பழைய பேப்பரை எடைக்குப் போட்டேன். கம்ப்யூட்டரைப் பார்த்தால், டிஸ்கில் இடம் இல்லை என்று சிவப்பாகக் காட்டுகிறது. இதையும் சுத்தம் செய்துவிட்டால் என்ன?

அதற்கும் ஒரு கமாண்ட் உண்டு. ஜெசிந்தா எப்போதோ அடித்ததைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வேண்டாததை வெட்டி எறிகிற கமாண்ட். திராட்சைக்காரர்கள் கவாத்து என்பார்களே, கிட்டத்தட்ட அதுதான். ஆனால் கவாத்து செய்கிறவர் கொடியைப் பார்த்து வெட்டுவார். நான் கூகுளைப் பார்த்து வெட்டினேன். 'வால்யூம்களையும் சேர்த்துச் சுத்தம் செய்ய இதையும் சேர்த்துக்கொள்ளவும்' என்று ஒரு புண்ணியவான் எழுதியிருந்தார். சேர்த்துக்கொண்டேன்.

கம்ப்யூட்டர் என்னைவிட நிதானமானது. கேட்டது. நின்றுபோயிருக்கும் கண்டெய்னர்கள் எல்லாவற்றையும் எடுத்துவிடுவேன், யாருக்கும் பயன்படாத பெயரில்லாத வால்யூம்களையும் எடுத்துவிடுவேன், சரிதானா என்று இங்கிலீஷில் விளக்கமாகக் கேட்டது. ஓடிக்கொண்டிருப்பவற்றை அது தொடாது. டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருந்தால் நான் எத்தனை தடவை கவாத்து செய்திருந்தாலும் சவரியம்மாவின் தோட்டத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் அன்று ஓடியது எது? சாமிக்காக நான்தான் எல்லாவற்றையும் வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறேனே!

'சரி' என்று அமுக்கினேன்.

சிவப்பு பச்சையானது. இவ்வளவு இடம் மீண்டது என்று ஒரு வரி வந்தது. பெருமை தாங்கவில்லை. சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. போட்டோ எடுத்து ஜெசிந்தாவுக்கு அனுப்பினேன். 'உன் மிஷின் இன்னைக்குத்தான் லட்சணமா இருக்கு.' அவளும் பாவம், சிரிக்கிற முகம் ஒன்றை அனுப்பி வைத்தாள்.

மறுநாள் காலை விஜயதசமி. கற்பூரம் காட்டி அந்த ஒரே கமாண்டை அடித்தேன். பந்தல்கள் எல்லாம் வரிசையாக எழுந்து நின்றன. "பாத்தீகளா அண்ணாச்சி, எப்படி ஓடுது!" என்று மாடியிலிருந்து குரல் கொடுத்தேன்.

அப்போதுதான் போன் வந்தது.

"அண்ணே, ஆப்ல ஏதாச்சும் கை வச்சீகளா?"

"தூசி தட்டுனேன். ஏன்?"

"அம்மா போன்ல 'புதியவரா? வாருங்கள்! உங்கள் முதல் தோட்டத்தைப் பதிவு செய்யுங்கள்'னு வருது."

அந்த வரவேற்பு வாசகம் நான் எழுதியது. ஆச்சரியக்குறி வேண்டுமா வேண்டாமா என்று ஒரு மதியம் முழுக்க யோசித்து வைத்தது.

"வெளிய வந்து திரும்ப உள்ள போகச் சொல்லு."

"அதெல்லாம் செஞ்சு பாத்தாச்சுண்ணே. வியாபாரி வந்து அம்மா பக்கத்துலதான் நிக்கிறாரு." பிறகு அவளே கேட்டாள். "நேத்து பூஜைக்கு மிஷினை நிப்பாட்டுனீகளா?"

"ம்."

"நிப்பாட்டுனது மட்டும்தானா?"

சொன்னேன். எங்கேயோ மோட்டார் தண்ணீர் இறைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "நான் எதுவும் செய்ய முடியாதுண்ணே. போனது போனதுதான்" என்றாள். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன். சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம்… வழி நெடுக வண்டிகள் எல்லாம் வாழைக்கன்று கட்டிக்கொண்டு, சந்தனம் பூசிக்கொண்டு என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டின.

தோட்டத்து வாசலில் வியாபாரியின் ஜீப் நின்றது. குமுளிக்காரர். கேரளத்துத் தமிழ். நல்ல மனிதர், அதுதான் சிக்கல். கெட்டவராக இருந்தால் அவர் மேல் பாரத்தை இறக்கிவிட்டு வந்திருப்பேன்.

"சேச்சி, பழம் நல்லதாணு. எனக்கறியாம். பக்ஷே ரெக்கார்டு இல்லாம லோடு ஏத்தான் பற்றில்ல. அவிடே என்னைக் கேக்கும்." பழம் நல்லது என்று அவருக்கே தெரியுமாம், ஆனால் ரெக்கார்டு இல்லாமல் ஏற்ற முடியாதாம்.

அதே ஜீப்பின் பானெட் மேல் ஒரு தாளை விரித்து, சின்னச்சாமி எழுதிக்கொண்டிருந்தார். அவருக்கும் ரெக்கார்டு வேண்டுமே! போகம் முழுக்க அடித்த மருந்தை அந்த ஒரு காலையில், ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதினார். நடுவில் தன் ஆளைக் கூப்பிட்டார்.

"ஏலே, ஆவணியில எந்தெந்த நாளு மழை பெஞ்சுச்சுன்னு யோசிச்சுச் சொல்லுலே. அன்னைக்கி மருந்தடிச்சதா எழுதித் தொலைச்சிறக் கூடாது."

வியாபாரி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நின்றார். தாள் கைக்கு வந்ததும் மடித்துப் பையில் வைத்தார். "ஆ… பேப்பர் உண்டல்லோ."

சின்னச்சாமியின் கூடைகள் ஏறத் தொடங்கின.

என் மூளை சும்மா இருக்குமா? ஜெசிந்தாவைத் தனியே இழுத்தேன். "கொஞ்ச நேரம் குடும்மா. அம்மாட்ட உத்தேசமாத் தேதி கேட்டு நானே உள்ள ஏத்திர்றேன். பச்சை டிக் விழுந்துரும்."

சவரியம்மா காதில் விழுந்துவிட்டது.

"எந்தெந்தத் தேதியின்னு எனக்கு ஞாபகம் இல்லையே தம்பி. அதான் போன்ல போட்டாச்சேன்னு விட்டுட்டேன்."

"உத்தேசமா சொல்லுங்கம்மா. யாரு பாக்கப் போறாக?"

"உத்தேசத்துக்கும் பச்சை விழுகுமா?"

"விழுகும்மா."

அவர் போனைப் பார்த்தார். அதில் இன்னும் 'புதியவரா? வாருங்கள்!' என்றுதான் இருந்தது.

"அப்ப நான் இத்தனை மாசமா பாத்துப் பாத்துப் போட்டேனே… அதுவும் இதுவும் ஒண்ணா தம்பி?"

நான் ஜீப்பின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இருந்துட்டுப் போகட்டும், வேணாம்" என்றார் சவரியம்மா. ஜெசிந்தா என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நேத்து அழிச்சதோட நிப்பாட்டிக்கங்க."

ஜீப் கிளம்பியது. சின்னச்சாமி எங்கள் பக்கம் வந்தார். கேலி செய்யப் போகிறார் என்று முதுகை நிமிர்த்திக்கொண்டேன். கேலியும் செய்தார். "என்னா தங்கச்சி, செல்போனு கால வாரிருச்சா?" பிறகு கையில் மீதியிருந்த வெள்ளைத் தாள்களை நீட்டினார். "அங்கன நாலஞ்சு தாளு கெடந்துச்சு. அடுத்த லோடுக்கு வச்சுக்க."

சத்தியமாக, உதவிதான் செய்தார். மனிதர் மனதில் கள்ளம் இல்லை. தாளில் மட்டும்தான் இருந்தது.

பழுத்த பன்னீர் திராட்சை இன்னொரு வியாபாரி வரும்வரை கொடியில் காத்திருக்காது. உதிர ஆரம்பித்துவிடும். ரோட்டோரக் கடைகளுக்குப் போடுகிற ஓர் ஆள் வந்தார். சவரியம்மாவின் முகத்தைப் பார்த்தார், பழத்தைப் பார்த்தார், வாய்க்கு வந்த விலையைச் சொன்னார். மாலைக்குள் எல்லாம் போய்விட்டது. கணக்குப் பார்த்துக் கடைசி மருந்துக்கு நாள் விட்டு, தவறாமல் பதிந்து, பாஸான பழம், குமுளி ரோட்டில் தார்ப்பாய்க்குக் கீழே 'இனிப்பு திராட்சை' என்ற அட்டையோடு உட்கார்ந்தது. மழைநாளைக் கழித்து எழுதிய பழம் ரெக்கார்டோடு மலையேறியது.

யோசித்துப் பாருங்கள். வியாபாரி கேட்டது ரெக்கார்டு. நாங்கள் விற்க நினைத்ததும் ரெக்கார்டு. உண்மை வேண்டும் என்று நினைத்தது அந்தத் தோட்டத்தில் ஒரே ஒருவர். அவருடையதைத்தான் நான் சுத்தம் செய்தேன்.

கிளம்பும்போது ஒரு பை நிறையப் பழம் கொடுத்தார். "வீட்டுக்குக் கொண்டு போங்க. கழுவக்கூட வேணாம், நம்பித் திங்கலாம்."

வீட்டில் என் மனைவி அதை வாங்கி, நேராக உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் ஊறவைத்தாள். "நம்பித் திங்கலாமாம்" என்றேன். "யாரு சொன்னது? எழுதியா கொடுத்திருக்காக?" என்றாள். அவள் மேல் தப்பு சொல்ல முடியுமா?

இதற்கு அடுத்து வந்ததுதான் பெரிய கொடுமை. துக்க வீட்டுக்கு வருகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? மாலையைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாக ஆரம்பிப்பார்கள். 'மதுரைக்குக் கொண்டு போகலையா?' 'ஸ்கேன் எடுத்துப் பாக்கலையா?' செத்தவர் எழுந்து, 'எடுத்திருக்கலாம்' என்று சொல்லிவிட்டுப் படுத்தால்தான் விடுவார்கள்.

கம்ப்யூட்டர் துக்கத்துக்கு ஒரே கேள்விதான். 'பேக்கப் இல்லையா?'

சென்னையிலிருந்து நண்பன் கேட்டான். பெங்களூரிலிருந்து மைத்துனன் கேட்டான். 'வால்யூமுக்குப் பேர்கூட வைக்கலையா?' என்று வாட்ஸப் குரூப்பில் முகம் தெரியாத ஒருவர் கேட்டு, தலையில் அடித்துக்கொள்கிற பொம்மையும் போட்டார். அட, கீழே அண்ணாச்சி… பேக்கப் என்ற சொல்லையே என்னிடமிருந்து அன்றைக்குத்தான் கேட்டவர், மறுநாள் படியேறி வந்து கேட்டார்.

"ஏந்தம்பி, பேக்கப் எடுத்திருக்கலாம்ல?"

"நீங்கதானே அண்ணாச்சி படுக்க வைக்கச் சொன்னீக?"

"படுக்க வைக்கத்தானே சொன்னேன். எரிக்கவா சொன்னேன்?"

இறங்கிப் போகும்போது மீதி இருந்த பொரியையும் எடுத்துக்கொண்டு போனார்.

ஜெசிந்தா திங்கட்கிழமை வேலைக்கு வந்தாள். வருவாளா என்று பயந்துகொண்டிருந்தேன். கம்ப்யூட்டரில் காய்ந்து கிடந்த சந்தனத்தை ஈரத்துணியால் துடைத்தாள். உட்கார்ந்தாள். கண்டெய்னர்களுக்கான ஃபைலைத் திறந்து, நான் அப்புறம் பார்ப்போம் என்று தள்ளிப்போட்ட வேலையைச் செய்தாள். புது வேலை எதையும் அன்றைக்கு நான் அவள் தலையில் கட்டவில்லை. டேட்டாபேஸுக்குப் பந்தலுக்கு வெளியே தனி வீடு. வாசலில் பெயர். 'சவரியம்மா' என்றே வைத்தாள். இனி என்ன கவாத்து செய்தாலும் அந்தப் பெயரை அது தொடாதாம். தினமும் தானாக ஒரு பேக்கப், அது நம் ஆபீஸிலேயே இருக்கக் கூடாது என்று வெளியே ஓர் இடம்.

"அம்மா எப்படி இருக்காக?" என்று கேட்டேன்.

"காலண்டரை எடுத்து மாட்டிட்டாக" என்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. "ஆப்பை இன்னும் அழிக்கலண்ணே. திறந்து பாக்குறாக, மூடிருறாக."

பூஜை முடிந்ததிலிருந்து அதில் ஒரு தோட்டம்கூடப் பதிவாகவில்லை. சவரியம்மாவைப் பார்த்துச் சேரலாம் என்று இருந்தவர்களும், சவரியம்மாவைப் பார்த்தே நின்றுவிட்டார்கள்.

ஆகவே, அக்கறையாக விசாரித்த அத்தனை பேருக்கும் இந்தப் பத்தி மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்… பேக்கப் இருக்கிறது. ஒன்றுமே இல்லாததை, தினமும், தவறாமல் எடுத்து வைக்கிறோம்.